காத்து மட்டும்

முதல்ல கையில தூக்கிப் பாருங்க சார். கண்ணுல பாக்கறதெல்லாம் அப்புறம். ம்... எப்படி இருக்குது? இத்தனை அகலத்துக்கு இவ்வளவுதான் எடைன்னா வெளியில சொன்னா நம்ப மாட்டாங்க. ரிம்மோட உள் அகலம் இருபத்தஞ்சு மில்லி. பெட்டி மேல போட்டிருந்ததைப் பாத்து நான் சொல்லலீங்க. நானே வெர்னியர் வச்சு எட்டு இடத்துல அளந்தேன். ஏழு இடத்துல இருபத்தஞ்சு. ஒரு இடத்துல மட்டும் மயிரிழை கம்மி. அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது.

உக்காருங்க. உடுமலையில இருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? காப்பி வரும். எங்கூட்டுக்காரம்மா பின்னாடி துணி காயப்போட்டுட்டு இருக்காங்க.

விலையை அப்புறம் பேசலாம், அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல. சைக்கிள் சக்கரம் வாங்க வர்றவங்க சக்கரத்தைப் பத்தித் தெரிஞ்சுட்டுப் போகணும், அதுதான் எனக்கு. ரெண்டும் டியூப் இல்லாத ஜாதி. டயர் அகலம் நாப்பத்தஞ்சு மில்லி. பின்சக்கரம் அந்தா, சுவத்துல சாய்ச்சிருக்கேன். இது முன்சக்கரம்.

ஆரத்துல கட்டியிருக்கற அந்தச் சீட்டா? அது பழசுங்க. கம்பி இறுகிப்போச்சு, கட்டிங் பிளையர் வச்சுத்தான் வெட்டணும். விடுங்க அதை.

இப்ப நீங்க என்ன டயர் போட்டு ஓட்டறீங்க? முப்பத்திரெண்டா? உள்ள டியூப்? சரியாப்போச்சு. மாசத்துக்கு எத்தனை பஞ்சர்? சொல்ல வேண்டாம், உங்க மூஞ்சியே சொல்லுது. உடுமலைப் பக்கம் வேலிமுள்ளுக்கு என்ன பஞ்சமா. நான் சொல்றதைக் கேட்டுக்குங்க. ஒடிசலான டயர்ல காத்தைக் கல்லாட்டம் ஏத்தினா முள்ளு நேரா உள்ள இறங்கும். காத்தைக் குறைச்சா, கல்லு மேல ஏறறப்ப ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல டியூப் மாட்டி ரெண்டு ஓட்டை விழும், நாய் பல்லுப் பட்ட மாதிரி. ரெண்டு பக்கமும் அடி. அகலமான ரிம், அகலமான டயர்னா அந்தத் தொல்லையே இல்ல. காத்து முப்பது பவுண்டு வச்சாப் போதும். சரளையில டயர் அமுங்கி அமுங்கிப் போகும். உள்ள டியூப்பே கிடையாது, ரப்பர் பால் ஊத்தியிருப்போம். முள்ளு குத்தினா அந்தப் பால் ஓடிவந்து ஓட்டையில உறைஞ்சுக்கும். குத்தினது உங்களுக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து முள்ளைப் பிடுங்கி எண்ணிக்கலாம்.

ஒரே ஒரு விஷயம்தான். பால் வத்தும். நம்ம ஊரு வெயிலுக்கு ரெண்டரை மாசம். அதுக்குள்ள மறுபடி ஊத்திடணும். இல்லைன்னா வெறும் காத்தை நம்பி ஓட்டற மாதிரி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்க. முப்பத்தோரு வருஷம் பம்ப்செட் கம்பெனியில குவாலிட்டி செக்‌ஷன் சார். ஒவ்வொரு பம்ப்புக்கும் ஒரு சீட்டு கட்டுவோம். நம்பர், தேதி, குறிப்பு, பார்த்தவர். நாலு கட்டம். அந்த ‘பார்த்தவர்’ கட்டத்துல என் கையெழுத்து விழுந்தாத்தான் பம்ப்பு கேட்டைத் தாண்டும். ஒரு தடவை முதலாளியே வந்து பக்கத்துல நின்னுட்டாரு. ‘லாரி நிக்குது சென்னியப்பா, ஒரு கையெழுத்துத்தானே, போட்டு விடு’ங்கறாரு. ‘தண்ணி ஏத்திப் பாக்காம போட மாட்டனுங்க’ன்னுட்டேன். லாரி காலியாத் திரும்பிப் போச்சு. ஒரு மாசம் என்கூட அவரு பேசலை. பேசலைன்னா போங்க. முப்பத்தோரு வருஷத்துல பாக்காத சாமானுக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை.

ரிட்டயர் ஆனப்புறம் சர்க்கரை இருக்குது, சைக்கிள் ஓட்டுங்கன்னு டாக்டர் சொன்னாரு. ஒரு குரூப்புல சேந்தேன். ஏழெட்டுப் பேரு. ஞாயித்துக்கிழமை விடிய மதுக்கரை தாண்டி, திருமலையாம்பாளையம், வேலந்தாவளம்னு மண்ரோட்டுல ஒரு அறுபது கிலோமீட்டர் போயிட்டு வருவோம். அதுல ஒருத்தன்தான் வெள்ளிங்கிரி.

வெள்ளிங்கிரி பஸ் டிரைவர். அரசாங்க பஸ்ஸு. இருபத்தெட்டு வருஷம் ஓட்டிட்டு எனக்கு ஒரு வருஷம் பின்னாடி ரிட்டயர் ஆனான். ஒரு ஆக்சிடென்ட் கிடையாது, ஒரு கோழி கூட அடிச்சதில்லைன்னு மார்தட்டிக்குவான். அதுக்கு அவனுக்கு ஒரு சான்றிதழ் குடுத்திருக்காங்க, மாலை போட்டு போட்டோவெல்லாம் எடுத்து. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கதவைத் திறந்ததும் தெரியற மாதிரி ஹால்ல மாட்டி வச்சிருந்தான். யாரு அவன் வீட்டுக்குப் போனாலும் மொதல்ல அதுக்குக் கீழ நிறுத்தித்தான் தண்ணி குடுப்பான்.

நல்ல மனுசன். இல்லைன்னு சொல்லலை. ஆனா பஞ்சர் விஷயத்துல எனக்கும் அவனுக்கும் ஒத்தே வராது. வாராவாரம் யாருக்காவது பஞ்சர் ஆகும், பெரும்பாலும் அவனுக்குத்தான் ஆகும். ஆன உடனே ஏழு பேரும் நிக்கணுமாம். அவன் ரோட்டோரத்துல குத்தவச்சு, டயரை நெம்பி, டியூப்பை உருவி, எச்சில் தொட்டுத் தொட்டு ஓட்டை தேடுவான். ஒட்டறப்ப டிப்போக் கதை ஒண்ணு சொல்லுவான். எல்லாவனும் சுத்தி நின்னு சிரிப்பானுக. அப்புறம் பஞ்சர் ஆனவன் மத்தவங்களுக்கு டீ வாங்கித் தரணும்னு ஒரு சட்டம் வேற. பஞ்சர்னா அவங்களுக்கு நோம்பி, திருவிழா மாதிரி. எனக்குப் பத்திக்கிட்டு வரும். எட்டு மணிக்கு வீடு திரும்ப வேண்டியவன் பத்து மணிக்குத் திரும்புனா, அது என்ன ஒழுங்கு?

நான் உக்காந்து படிச்சேன். மூணு மாசம். எந்த ரிம், எத்தனை மில்லி, எந்த டயர் அதுல சரியா உக்காரும், எந்தப் பால் நம்ம வெயிலைத் தாங்கும். எனக்கு ஒரு ஜோடி வாங்கினேன். ஆறு மாசம் ஓட்டினேன். ஒரு பஞ்சர் கூட இல்ல. அப்புறம்தான் வெள்ளிங்கிரிகிட்டச் சொன்னேன், நீயும் மாத்துடான்னு. அவன் வேண்டாம்னான். ‘எனக்கு ஒட்டுப் போட்டே பழகிருச்சு சென்னியப்பா, இதுல ஏதாச்சும் ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாது’ன்னான். ‘உனக்கு எதுக்குத் தெரியணும்? நான் எதுக்கு இருக்கேன்? பால் ஊத்தறது, காத்து பாக்கறது எல்லாம் நான் பாத்துக்கறேன், நீ ஏறி ஓட்டு’ன்னேன். நான்தான் சொன்னேன். மறைக்கலை.

ஆமாங்க. இது அவனோட சக்கரம். என்னோடது வண்டியிலயே இருக்குது. இது அவனோடது. சொல்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

போன பிப்ரவரி கடைசியில என் கையாலதான் பால் ஊத்தி மாட்டிக் குடுத்தேன். கம்பெனிப் பழக்கம் போகலை, சீட்டும் கட்டினேன். சக்கரத்துக்கு ஒண்ணு, ஆரத்துல. தேதி, குறிப்பு, பார்த்தவர். அதைப் பாத்ததும் வெள்ளிங்கிரிக்கு ஒரே சந்தோசம். ‘எங்க டிப்போ நோட்டு மாதிரியே இருக்குதுடா’ன்னான்.

டிப்போவுல எப்படின்னா, சாயங்காலம் வண்டியை விடறப்ப டிரைவர் ஒரு நோட்டுல குறையை எழுதணும். பிரேக் கம்மி, ஸ்டியரிங் இழுக்குது, அந்த மாதிரி. ராத்திரி மெக்கானிக் பாத்துட்டு எதுத்தாப்ல கையெழுத்துப் போடுவாரு. காலையில டிரைவர் நோட்டைப் பாப்பான். கையெழுத்து இருந்தா ஏறி உக்காந்து சாவியைத் திருப்பிட வேண்டியதுதான். ‘படுத்து அடியில பாக்க மாட்டியா?’ன்னு கேட்டேன். ‘கையெழுத்துப் போட்ட மனுசன் மேல நம்பிக்கை இல்லாட்டி, அம்பது பேரை ஏத்திட்டு நான் எப்படிடா மலை இறங்கறது?’ன்னான். நான் சிரிச்சேன். நானா இருந்தா ரெண்டு தடவை பாப்பேன்.

மார்ச் பூரா ஒரு பஞ்சர் இல்ல. அவனுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. மத்தவனுக எல்லாம் ஒவ்வொருத்தனா எங்கிட்ட வந்து கேட்டு மாத்துனானுக. ஏப்ரல்ல மொத்த குரூப்புக்கும் பஞ்சர் நின்னு போச்சு. எட்டு மணிக்கெல்லாம் வீடு. யாராச்சும் எனக்கு ஒரு நன்றி சொல்லியிருக்கணுமா இல்லியா, நீங்களே சொல்லுங்க.

என்ன நடந்துச்சு தெரியுங்களா? க.க.சாவடிக்கிட்ட ஒரு டீக்கடை. எல்லாரும் நிக்கறோம். நான் காத்து எத்தனை வைக்கணும்னு புதுசா மாத்துன ஒருத்தனுக்கு விளக்கிட்டு இருக்கேன், அக்கறையாத்தான். வெள்ளிங்கிரி டீயை ஆத்திக்கிட்டே சொல்றான், ‘நம்ம சென்னியப்பன் சக்கரத்துல காத்து எறங்கவே எறங்காது. ஆளுக்குத்தான் ஏறிக்கிட்டே இருக்குது’ன்னு.

சிரிச்சாங்க பாருங்க. டீக்கடைக்காரனும் சேந்து சிரிச்சான். டீ புரை ஏறி ஒருத்தன் இருமறான். அன்னிலிருந்து எனக்கு ‘காத்து’ன்னு பேரு. ‘காத்து வந்தாச்சா?’, ‘காத்து முன்னாடி போகட்டும்.’ வாட்ஸப்புல ஒருத்தன் காத்து கருப்புன்னு போடறான். அறுபத்திரெண்டு வயசுல எனக்குப் பட்டப்பேரு. முப்பத்தோரு வருஷம் என்னைப் பாத்தா பட்டறையில பேச்சு நின்னு போகும் சார்.

நான் போறதை நிறுத்திட்டேன். வீட்டுலயே கிடந்ததுல சர்க்கரை மாத்திரை கூடுச்சு, அது வேற. வெள்ளிங்கிரி ரெண்டு தடவை போன் பண்ணுனான். எடுக்கலை. வரட்டும்னு இருந்தேன். மே பத்துக்குள்ள அவன் சக்கரத்துக்குப் பால் ஊத்தணும். பால் பாட்டில் எங்கிட்டத்தான் இருக்குது, டயரை ரிம்முல ஏத்தற பெரிய பம்ப்பும் எங்கிட்டத்தான். எப்படியும் என் வாசலுக்கு வந்துதானே ஆகணும்? வந்து ‘அன்னிக்கு நான் சொன்னது தப்புடா’ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், ஊத்திக் குடுக்கறேன். இதுல என்ன தப்பு? மே பத்து போச்சு. பதினஞ்சு போச்சு. தினமும் காலண்டரைப் பாப்பேன். பால் இப்ப கெட்டியாகியிருக்கும், இப்ப தோலாகியிருக்கும்னு எனக்குத் தெரியும். வெயில் இந்த வருஷம் கேக்கவே வேண்டாம்.

வந்தான். மூணாவது வாரம் திங்கக்கிழமை காலையில. டவுன் பஸ்ஸுல, முன்சக்கரத்தை மட்டும் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு. நான் ஜன்னல்ல பாத்துட்டேன். எங்கூட்டுக்காரம்மாகிட்ட, நான் இல்லைன்னு சொல்லிடுன்னு சொல்லிட்டு உள் ரூம்ல போய் நின்னுக்கிட்டேன். கதவுக்குப் பின்னாடி. எல்லாம் காதுல விழுது.

என்ன சொன்னான்கறீங்க? ஒரு மன்னிப்பு? ஒரு வருத்தம்? ‘அம்மிணி, காத்து நிக்க மாட்டேங்குது, எறங்கிக்கிட்டே இருக்குது. சென்னியப்பன் வந்தாச் சொல்லுங்க’ன்னான்.

காத்து! என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, என் சம்சாரத்துக்கிட்ட! டீக்கடையில ஏறுதுன்னு சொன்னவன், இங்க வந்து எறங்குதுங்கறான். நக்கல்தானே சார்? வேற என்ன அது? நான் வீட்டை விட்டு வெளிய வராம கிடக்கறதைத்தானே குத்திக் காட்டறான்?

சக்கரத்துல காத்து எறங்கினா வேற எப்படிச் சொல்லுவாங்கன்னு கேக்கறீங்களா? எங்கூட்டுக்காரம்மாவும் அதைத்தான் கேட்டாங்க. நீங்க அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கணும். அதைக் கேக்காம பேசறது சுலபம்.

சக்கரத்தை வாசல் கிரில்லுல மாட்டிட்டு, சட்டைப் பையில இருந்து பேனாவை எடுத்துச் சீட்டுல என்னமோ எழுதிட்டுப் போனான். அவன் போனப்புறம் வெளிய வந்து பாத்தேன். பிப்ரவரியில நான் எழுதினதுக்குக் கீழ் வரியில, குறிப்புங்கற கட்டத்துல, ‘காத்து நிக்கலை. பார்க்கவும்’னு எழுதி வச்சிருக்கான். ரெண்டாவது தடவையும் காத்து.

நான் தொடலை. செவ்வாய், புதன், வியாழன். தொங்குது. டயர் சப்பையாகி, ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் பாக்கறான். சென்னியப்பன் வீட்டு வாசல்ல காத்துப் போன சக்கரம். எனக்கு எப்படி இருக்கும்? வெள்ளிக்கிழமை பம்ப்பை எடுத்தேன். பால் பாட்டில் அலமாரியில பக்கத்துலயே இருந்துச்சு, கையெட்டற தூரம். எடுக்கலை. என்ன எழுதியிருக்கான்? காத்துன்னுதானே? பால்னு எழுதலையே? சரி, கேட்டதைக் குடுப்போம்னு காத்து மட்டும் அடிச்சேன். முப்பத்தஞ்சு வச்சேன். டயர் கும்முனு நின்னுச்சு.

காப்பி வருதுன்னு சொன்னேன், இன்னும் காணோம் பாருங்க. ஏம்மா! துணிதான் காயப்போடறாங்க. இப்பெல்லாம் எங்கிட்ட அவ்வளவாப் பேசறதில்லை. என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்லீங்கங்கறாங்க.

சனிக்கிழமை சாயங்காலம் நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். நிஜமாவே போயிருந்தேன். அந்த நேரம் பாத்து அவன் வந்திருக்கான். சக்கரத்தைக் கழட்டி, விரல்ல அமுக்கிப் பாத்து, சீட்டைத் திருப்பிப் பாத்துச் சிரிச்சானாம். எங்கூட்டுக்காரம்மாகிட்ட, ‘எனக்குத் தெரியும் அம்மிணி. அவனுக்குக் கோவம் எம்மேலதான். சக்கரத்து மேல இருக்காது’ன்னு சொல்லிட்டுப் போனானாம்.

அடுத்த நாள் ஞாயிறு. மே கடைசி ஞாயிறு. நான் போகலை, குரூப்புல இருந்தவன் சொன்னதுதான். மதுக்கரைக்குப் பின்னாடி கல்குவாரிக்கு ஒரு மண்ரோடு இறங்குது. சரளை, ஒரு வளைவு, வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளம். வெள்ளிங்கிரி எப்பவும் மெதுவாத்தான் இறங்குவான், டிரைவர் இல்லையா. வழியில எங்கியோ முள்ளு குத்தியிருக்குது. கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்குது. வளைவுல திருப்பறான், முன்டயர் ரிம்மை விட்டுக் கழண்டு மடங்கிருச்சு. பத்தடி பள்ளம். இடுப்பெலும்பு ரெண்டா, வலது தோளு வேற. தூக்கிட்டு வர்றதுக்கு ஆம்புலன்ஸ் உள்ள வரைக்கும் வரலை, நாலு பேரு கையில ஏந்திட்டு வந்திருக்காங்க. அவன் கத்தவே இல்லையாம்.

ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். போகலைன்னு யாரும் சொல்ல முடியாது. குரூப்பு மொத்தமும் கட்டிலைச் சுத்தி நிக்குது. நான் வாசப்படிகிட்ட நின்னேன். ஒருத்தன் கேக்கறான், ‘டயர் எப்படிங்க கழண்டுச்சு? சக்கரத்துல ஏதாச்சும் கோளாறா?’ன்னு. வெள்ளிங்கிரி சொன்னான், ‘சக்கரத்துல குத்தமில்லீங்க. சென்னியப்பன் பாத்துக் குடுத்த சக்கரம். என் கை தப்புத்தான். வளைவை நான்தான் கணிக்கலை. வயசாயிருச்சு’ன்னு.

எல்லாரும் தலையைத் தலையை ஆட்டினாங்க. ஒருத்தனும் அவனுக்கு மாத்திச் சொல்லலை. நான் அப்படியே திரும்பி வந்துட்டேன். அவன் என்னைப் பாத்தானா இல்லையான்னு தெரியலை. பாத்திருந்தா கூப்பிட்டிருக்கலாமே? வாடா சென்னியப்பான்னு ஒரு வார்த்தை? கூப்பிடலை. ஆறு மாசம் ஆச்சு, இன்னைக்கு வரைக்கும் ஒரு போன் இல்ல. அதுதான் எனக்கு வருத்தம். இத்தனை செஞ்சவனுக்கு ஒரு போன் இல்ல.

நானா? நான் எதுக்குங்க பண்ணணும்?

இப்ப வாக்கர் வச்சு ஹால்லயே நடக்கறானாம். எங்கூட்டுக்காரம்மா போய்ப் பாத்துட்டு வந்தாங்க, என்னைக் கேக்காமயே. வந்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. அந்தச் சான்றிதழ் சுவத்துல இல்லையாம். வெறும் ஆணிதான் இருக்குதாம். ‘எங்கே அண்ணா அது?’ன்னு கேட்டதுக்கு, ‘அதை இனி மாட்டி வச்சா நல்லாருக்காது அம்மிணி, கழட்டிப் பீரோவுக்கு அடியில தள்ளிட்டேன்’னானாம். பேரன் ஸ்கூட்டர்ல உக்காரச் சொன்னாக் கூட உக்காரறதில்லையாம். ‘என் கையை நானே நம்ப மாட்டேன்’ங்கறானாம்.

அதை எதுக்கு எங்கூட்டுக்காரம்மா எங்கிட்டச் சொல்லணும்? சொல்லிட்டு எதுக்கு அங்கயே நின்னு எம்மூஞ்சியைப் பாக்கணும்?

போன மாசம் அவன் சம்சாரம் சுலோச்சனா ரெண்டு சக்கரத்தையும் ஆட்டோவுல போட்டு அனுப்பி விட்டாங்க. ‘நீங்க தேடிப் பாத்து வாங்கிக் குடுத்தது, வீணாப் போக வேண்டாம், யாருக்காச்சும் குடுத்துருங்கன்னு அவரு சொன்னாரு’ன்னு ஆட்டோக்காரன் வந்து ஒப்பிக்கறான். அதனாலதான் விக்கறேன். வர்ற காசு அப்படியே அந்த வீட்டுக்குப் போகும், எனக்கு வேண்டாம்.

நேத்து டயரைக் கழட்டினேன். உங்களுக்குக் காட்டறதுக்குச் சுத்தமா இருக்கணுமேன்னு. உள்ள... ஒரு சொட்டு இல்லீங்க. காஞ்சு, பாம்புச் சட்டை மாதிரி ஒரு தோலு, தொட்டா உதிருது. மொத்தத்தையும் சுரண்டி எடுத்தேன். வாசல்ல உக்காந்து ரெண்டு மணி நேரம் சுரண்டினேன். அந்த முள்ளும் அதுலயே இருந்துச்சு. சின்ன முள்ளுங்க. பால் இருந்திருந்தா அவனுக்குக் குத்தினதே தெரிஞ்சிருக்காது. வீட்டுக்கு வந்து பிடுங்கியிருப்பான்.

இப்ப புதுசா ஊத்தியிருக்கேன். நூத்தி இருபது மில்லி, அளந்து. பயப்படாம ஓட்டலாம். ரிம்மு நெளியலை, சுத்தி விட்டுப் பாத்தேன், ஆட்டம் இல்ல. நல்ல சக்கரம். அது மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது.

சார், அதை விடுங்கன்னு சொன்னேனே. கம்பி கையைக் கிழிச்சிரும்.

படிச்சுட்டீங்களா.

சத்தமாப் படிக்க வேண்டாம். எனக்குத் தெரியும் என்ன இருக்குதுன்னு. தேதி, வெள்ளிக்கிழமை. குறிப்பு, அவன் எழுத்து. அதுக்குப் பக்கத்துல, ஆமாங்க, பார்த்தவர். என் கையெழுத்துத்தான். கடைசியில ஒரு கோடு இழுப்பேன், அதே கோடு.

நான் வேணும்னு போடலீங்க. காத்தை அடிச்சேன், பம்ப்பைக் கழட்டினேன், சீட்டு கண்ணு முன்னாடி இருக்குது, கட்டம் காலியா இருக்குது. தேதியையும் சேத்துக் கை போட்டிருச்சு. முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம் சார். போட்டப்புறம்தான் பாத்தேன். கையெழுத்தை அடிச்சு விட்டிருக்கலாம். பேனா கையிலதான் இருந்துச்சு. சரி, அவன் என்ன, இதைப் போய்ப் படிக்கவா போறான்னு விட்டுட்டேன்.

அவன் டிரைவருங்க. அதை மட்டும்தான் படிப்பான்.

அவங்க வீடா? இங்கிருந்து ரெண்டு ஸ்டாப்புதான். நடந்தாக் கால் மணி நேரம். இல்லீங்க, நான் வரலை. நீங்க வேணும்னாப் போய்ப் பாருங்க. என்னன்னு போய்ச் சொல்றது? ஆணியில திரும்ப மாட்டுடான்னா?

சக்கரத்தை எடுத்துக்கங்க. பழைய சீட்டை வெட்டி எங்கிட்டக் குடுத்துருங்க, இந்தாங்க பிளையர். புதுச் சீட்டு ஒண்ணு கட்டறேன், இல்லைன்னா நீங்க பால் ஊத்தற தேதியை மறந்துருவீங்க. நம்பர், சரி. தேதி, இன்னைக்கு. குறிப்பு, ‘பால் புதுசு. எழுபது நாள்ல மறுபடி ஊத்தவும்.’

இந்தாங்க பேனா. பார்த்தவர்ங்கற கட்டத்துல மட்டும் நீங்களே போட்டுக்கங்க.